வெள்ளனக் கிளம்பினால் ஒரு மணி நேரம்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு 30 சொச்சம் கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி வழிந்தபடி தினமும் போய் வருகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்தத் தூரத்துக்கு நான் ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டேன் என்று சொன்னபோது, டாலஸில் இருக்கும் சித்தப்பா பையன் போனிலேயே சிரித்தான்.

"அக்கா, நாங்க இங்க காலைல டிபன் சாப்ட்டு ஏறினா மதியச் சாப்பாட்டுக்கு ஹூஸ்டன். 240 மைல். நீ என்னடான்னா முப்பது கிலோமீட்டருக்கு நோட்டுல கோடு போட்டு எழுதிட்டு இருக்க."

அவனுக்கு முதுகு நன்றாக இருக்கிறது. அப்பாவுக்கு இல்லை. டிராக்டர் பட்டறையில் நாற்பது வருஷம் இன்ஜின் தூக்கிய முதுகு. முக்கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்தால் இடது கால் மரத்துப் போகும், பிறகு இரண்டு நாள் படுக்கைதான். அப்படிப்பட்டவர் போன ஐப்பசியில் ஒருநாள் திடீரென்று சொன்னார்: "பாப்பா, அந்த மருதையாத்துப் பாலத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்."

எந்தப் பாலம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் 'அந்தப் பாலம்' என்றால் ஒன்றுதான்.

அதனால்தான் நோட்டில் கோடு. முதல் முடிவு, வெள்ளன ஆறு மணிக்குக் கிளம்புவது. அரியலூர்ப் பக்கம் போகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் டிப்பர்களும் சிமெண்ட் லாரிகளும் வரிசை கட்டுவதற்கு முன் ரோட்டைக் கடந்துவிட வேண்டும். இரண்டாவது, திங்களும் வெள்ளியும் வேண்டாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் அந்த இரண்டு நாள்தான் திறந்திருக்கும், நான் யோசித்த வழி அந்தப் பக்கம் போகிறது. மூன்றாவது, நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க ஓர் இடம். இந்த மூன்றாவதுக்காகத்தான் நான் பழைய புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். நேர் ரோட்டில் போனால் டீக்கடைகள் உண்டு, ஆனால் அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார், நடக்க மாட்டார்.

இந்த நேர் ரோட்டுக்கு இப்போது தேசிய நெடுஞ்சாலை 136 என்று பெயர். பெரம்பலூரில் தொடங்கி அரியலூர் வழியாகத் தஞ்சாவூர் போகிறது. படை நடந்த ரோடு இது இல்லை. அந்தப் பெருமை சென்னை–திருச்சி ரோட்டுக்குத்தான். 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கமாக மோதிக்கொண்ட வாலிகண்டபுரம், அதற்கு மேலே ரஞ்சன்குடிக் கோட்டை எல்லாம் அந்தத் தடத்தில் இருக்கின்றன. கிழக்கே போகிற நம் ரோட்டில் சந்தைக்குப் போகிறவர்கள், பெண் எடுத்தவர்கள், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போனார்கள்.

ரயில் என்பது முக்கியம். பெரம்பலூர் மாவட்டத் தலைநகர், ஆனால் இன்றைக்கும் ரயில் நிலையம் கிடையாது. 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை போட்டபோது அது அரியலூர் வழியாகப் போனது. அதுவரை சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில் மாயவரம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே கோட்டில் அரியலூர் ரயில் ஊர் ஆனது, பெரம்பலூர் ரோட்டு ஊராகவே நின்றது. இரண்டு ஊர் ஆட்களின் குணத்தில்கூட இந்த வித்தியாசம் இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அரியலூர்க்காரர்கள் மணி பார்த்துக் கிளம்புவார்கள். நாங்கள் "அடுத்த பஸ்ல போலாம்" ரகம்.

எங்கள் குடும்பம் ரயில் ஊரிலிருந்து ரோட்டு ஊருக்கு வந்தது. ஏன் வந்தது என்பதற்குத்தான் அந்தப் பாலம்.

புதன்கிழமை ஆறு பத்துக்குக் கிளம்பினோம். முன்சீட்டைச் சாய்த்து, இடுப்புக்கு ஒரு தலையணை. பின்சீட்டில் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய், ஃபிளாஸ்க். நேர் ரோட்டில் ஏறாமல் திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே போய், சிறுவாச்சூரைத் தாண்டிக் கிழக்கே திரும்பினேன். "இது எங்க போற வழி?" என்றார் அப்பா. "நடக்கறதுக்குப்பா" என்றேன்.

காரை கிராமத்துப் பக்கம் நிலம் திடீரென்று மாறிவிடும். மழைநீர் அறுத்த மஞ்சளும் சாம்பலுமான மண்மேடுகள், பயிர் பச்சை இல்லாத ஓடைகள், வெயில் பட்டால் மின்னும் ஜிப்சம். அந்தக் களிமண்ணில் பெலம்னைட் என்ற கடல் உயிரியின் எச்சங்கள் கிடக்கின்றன. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு, பார்க்கத் துப்பாக்கிக் குண்டு மாதிரி இருக்கும். குனிந்து பார்க்கலாம், பாக்கெட்டில் போட்டுக்கொள்ளத்தான் பலருக்கும் கை வருகிறது. வேண்டாம்.

எனக்கு இந்தப் பயணத்திலேயே பெரிய ஆச்சரியம் இங்கேதான். மேற்கே இருப்பது மிகப் பழைய பாறை. கிழக்கே போகப் போக, கிரிடேசியஸ் காலத்துக் கடல் ஏறி இறங்கி விட்டுப்போன படிவங்கள். ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் இவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். பாடாலூர் பக்கத்தில் இருக்கும் அதே ஊட்டத்தூர்தான். அவருக்குப் பின்னால் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த அம்மோனைட், சிப்பி, நத்தைகளையெல்லாம் படம் வரைந்து தொகுதி தொகுதியாக வெளியிட்டார். படிவங்கள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதால் மேற்கில் பழையது, கிழக்கில் புதியது. பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து அரியலூருக்குக் காரில் போகிறவர் சுமார் 11 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலில் இறங்கி, ஏழு கோடிக்கும் குறைவான ஆண்டுக்கு முந்தைய கரையில் ஏறுகிறார். வெள்ளனக் கிளம்பினால் ஒரு மணி நேரம். டாலஸ் நகரமும் கிரிடேசியஸ் சுண்ணாம்புக்கல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று தம்பிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

சாத்தனூரில் அப்பாவை நன்றாகவே நடக்க வைத்தேன். கல்லாகிப்போன மரம், 18 மீட்டர் நீளம். 1940இல் இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து எழுதியது. ஊசியிலை மர வகை, கடலுக்கு அடித்துவரப்பட்டு மண்ணுக்குள் புதைந்து கல்லானது. வேலியைச் சுற்றி அப்பா ஒரு சுற்று வந்தார். வேரிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டு, "வெள்ளம் எத எடுத்துட்டுப் போகும்னு சொல்ல முடியாது" என்றார். அவர் மரத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அங்கிருந்து கிராமச் சாலைகள் வழியாக, இரண்டு இடத்தில் ஆடு மேய்ப்பவர்களிடம் வழி கேட்டு, அரியலூரை நோக்கிப் போனோம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் குறைந்து, வெண்மண் தூசி கூடும்போது அரியலூர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கல்லங்குறிச்சி வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அதைத்தான் வெட்டி அரைத்துச் சிமெண்ட் ஆக்குகிறார்கள். 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வேலை வந்தது, லாரியும் வந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் சிமெண்ட் ஆலைச் சம்பளத்தில் படித்த பிள்ளையும் இருப்பான், லாரியில் அடிபட்ட சொந்தக்காரரும் இருப்பார். ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை.

எல்லை எங்கே மாறியது என்று அப்பா கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். "உங்க அப்பாயி இருந்தா சொல்லியிருக்கும்."

அப்பாயி சொல்லியிருக்கும்தான். தாத்தா இறந்தபிறகு பட்டாவில் பேர் மாற்ற அது அலைந்த அலைச்சல் ஒரு மாவட்ட வரலாறு. ஊர் அரியலூர்ப் பக்கம். 1995 வரை கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் திருச்சி. அந்த வருஷம் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனதும் திங்கட்கிழமை மனு கொடுக்க எங்கள் வீட்டுக்கே வந்துவிடும், மஞ்சப்பையில் மனுவும் எனக்கு முறுக்கும். 2001 ஜனவரி 1இல் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். "இனிமே காலைல போயி மனு குடுத்துட்டு ஊட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சிரலாம்" என்று அதற்கு ஒரே குஷி. பதினைந்து மாதம். 2002 மார்ச் 31இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மறுபடி பஸ், மறுபடி மஞ்சப்பை. பேப்பரில் அது நிர்வாகச் செய்தி. முழங்கால் வலியோடு ஐந்து மணிக்கு எழுந்திருக்கிற பொம்பளைக்கு அது முப்பது கிலோமீட்டர். பட்டா 2003இல் பெரம்பலூரில் வைத்துத்தான் கைக்கு வந்தது. அரியலூர் திரும்பவும் மாவட்டம் ஆனபோது அப்பாயி இல்லை.

அப்படி ஆன தேதி 2007 நவம்பர் 23. எல்லாரும் பட்டாசு வெடித்தார்கள். அப்பா காலண்டரைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கா வெச்சாங்க?" என்று மட்டும் கேட்டார்.

1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவே மருதையாற்றுப் பாலத்தில் ஏறியபோது, கரையை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. இன்ஜினும் முன்பக்கத்துப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. இறந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன் மெகபூப்நகர் விபத்தின்போது அவர் கொடுத்த ராஜினாமாவை ஏற்காத நேரு, இந்த முறை ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டின் ஓ.வி. அழகேசன். 1957 தேர்தல் மேடைகளில் அவர் பேரையும் அரியலூரையும் எதுகையாக்கி தி.மு.க.வினர் முழங்கியது இன்றும் பெரியவர்களுக்கு மனப்பாடம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அரியலூர் என்றால் சாஸ்திரி. அவ்வளவுதான் மிச்சம்.

எங்கள் வீட்டு மிச்சம் வேறு. தாத்தா வண்டிக்காரர். அன்றைக்குக் காலையில் மாட்டைப் பூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனவர்களில் ஒருவர். அப்பாவுக்கு அப்போது ஆறு வயசு. இரண்டாம் நாள் ராத்திரி திரும்பி வந்தவர், வண்டியைக் கழுவி முடிக்கும்வரை யாரையும் கிட்டே விடவில்லையாம். என்ன பார்த்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார், நம்ம வீட்டில் யாரும் ரயில் ஏறக் கூடாது. அதனால்தான் அப்பா வேலை தேடியபோது வீட்டு வாசலில் இருந்த ரயிலை விட்டுவிட்டு, பஸ் பிடித்து ரோட்டு ஊருக்கு வந்து பட்டறையில் சேர்ந்தார். அப்பாயி திருச்சிக்குப் போனதும் பஸ்ஸில்தான்.

திட்டம் போட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. மருதையாறு பிறப்பது எங்கள் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில். பெரம்பலூர்ச் சீமையில் பெய்கிற மழையைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே வந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. அன்று பாலத்தைத் தள்ளிய தண்ணீரில் எங்கள் பக்கத்து மழையும் இருந்திருக்கும். அப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லவில்லை.

மண்பாதையில் காரை நிறுத்திவிட்டு மெதுவாக நடந்தோம். ஆறு மணலும் கருவேலமுமாகக் கிடந்தது, நடுவில் ஒரு கோடு தண்ணீர். இவ்வளவு சின்ன ஆறா என்று எனக்கு இருந்தது. பாதை இப்போது இரட்டைப் பாதை, மேலே மின்கம்பி. அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். எந்தப் பக்கக் கரையில் வண்டியை நிறுத்தியிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார் போல. ஒரு சரக்கு ரயில் வந்தது. பாலத்தில் ஏறும்போது சத்தம் மாறியது. கடைசிப் பெட்டி போகும்வரை அவர் அசையவில்லை.

"கால் மரத்துப்போச்சாப்பா?"

"இல்ல. தண்ணி இவ்ளோதான் வரும் எப்பவும். அன்னிக்கு மட்டுந்தான்."

கார் நிழலில் தயிர்சாதம் சாப்பிட்டோம். திரும்பும்போது நேர் ரோடு, அவர் பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டார். நினைத்த மாதிரியே லாரிகளுக்கு நடுவில் மாட்டினோம். குன்னம் வட்டம் தாண்டுகிற வரைக்கும் ஒரு டிப்பரின் பின்னாலேயே ஊர்ந்தேன், கண்ணாடி முழுக்க வெண்தூசி. நான்கு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். நான்கு நாற்பது ஆனது. இறங்கும்போது அப்பா கேட்டார், வைகை எக்ஸ்பிரஸ் அரியலூரில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று.