பேர் போன பென்ட்லி

1931, நவம்பர் மாதம். லண்டன் கோர்ட் ஒன்றில் ஒரு கார் கம்பெனி விற்பனைக்கு வந்தது. திவாலாகி நாலு மாசம் ஆகியிருந்தது. வாங்கிக்கொள்ள நேப்பியர் என்கிற நிறுவனம் தயார். விமான எஞ்சின் செய்கிறவர்கள். பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து, கோர்ட்டின் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி. நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது, தாலி கட்ட வேண்டியதுதான் என்கிற மாதிரி!

அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவர் வால்டர் ஓவன் பென்ட்லி. எல்லோருக்கும் அவர் டபிள்யூ.ஓ.தான். அப்போது வயது 43. நேப்பியருக்காகப் புது கார் ஒன்றை வரையவே ஆரம்பித்துவிட்டார் மனிதர்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோர்ட்டில் ஒரு வக்கீல் எழுந்து நின்றார். 'பிரிட்டிஷ் சென்ட்ரல் ஈக்விடபிள் டிரஸ்ட்' சார்பாக வந்திருப்பதாகச் சொன்னார். நேப்பியர் தருவதைவிட நாங்கள் கூடுதலாகத் தருகிறோம் என்றார். கடைசியில் இரண்டு தரப்பும் மூடிய கவரில் தொகை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கவரைப் பிரித்தால், நேப்பியர் காலி. சுமார் 1,25,000 பவுண்டுக்குக் கம்பெனி அந்த டிரஸ்டுக்குப் போய்விட்டது.

யார் இந்த டிரஸ்ட்? டபிள்யூ.ஓ.வுக்கே தெரியாது. அவர் மனைவி ஒரு விருந்துக்குப் போன இடத்தில், 'பென்ட்லியை நாங்கள்தான் வாங்கினோம்' என்று யாரோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்து, வீட்டுக்கு வந்து சொன்னார் என்று ஒரு கதை உண்டு. பேசிக்கொண்டிருந்தவர் ரோல்ஸ் ராய்ஸ்காரர்!

கார் பைத்தியங்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகலாம்.

டபிள்யூ.ஓ. லண்டனில் 1888-ல் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. சின்ன வயசில் ரயில் எஞ்சின் என்றால் உயிர். 16 வயசில் டான்காஸ்டர் ரயில்வே பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு அண்ணனோடு சேர்ந்து, டி.எஃப்.பி. என்கிற பிரெஞ்சு கார்களை லண்டனில் விற்றார். 1913-ல் அந்த பிரெஞ்சுத் தொழிற்சாலைக்குப் போனபோது மேஜை மேல் ஒரு பேப்பர் வெயிட் இருந்தது. அலுமினியத்தில் செய்த குட்டி பிஸ்டன். சும்மா அழகுக்கு வைத்தது. நிஜ பிஸ்டனையே இதில் செய்தால் என்ன என்று டபிள்யூ.ஓ.வுக்குத் தோன்றிவிட்டது. செய்தார். கார் பறந்தது. முதல் உலகப்போரில் அதே யோசனை விமானத்துக்குப் போனது. சாப்வித் கேமல் போர் விமானங்களில் அவருடைய பி.ஆர்.1 எஞ்சின் ஓடியது. போர் முடிந்ததும் அரசாங்கம் 8,000 பவுண்ட் பரிசு கொடுத்தது.

1919-ல் பென்ட்லி மோட்டார்ஸ். பேக்கர் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு மாடிக்கொட்டகையில் முதல் எஞ்சினைக் கிளப்பினார்கள். சத்தம் தாங்காமல், பக்கத்தில் நோயாளி இருக்கிறார், நிறுத்துங்கள் என்று நர்ஸ் ஓடிவந்ததாகச் சொல்வார்கள். 1921-ல் முதல் கார் விற்பனைக்கு வந்தது.

'கார்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு பென்ட்லி கம்பெனி விற்றது முழு கார் அல்ல. எஞ்சின், சேஸிஸ், சக்கரம், முன்னால் ரேடியேட்டர், அவ்வளவுதான். ஐந்து வருஷ கேரண்டியும் உண்டு. மேலே பாடி கட்டுவது வாங்குகிறவர் பாடு. லாரி சேஸிஸ் வாங்கி நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்களே, அதேதான்! என்ன, அங்கே கட்டியவர்கள் எச்.ஜே.மல்லினர், கர்னி நட்டிங், பார்க் வார்டு, வான்டன் பிளா என்கிற பெரிய கைகள். இவர்களில் சிலருக்குக் குதிரை வண்டி காலத்திலிருந்தே இதுதான் தொழில். தேர் செய்கிற ஆசாரி மாதிரி மரத்தில் சட்டம் இழைப்பார்கள். ஆஷ் மரம். அதன் மேல் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி உருட்டி மூடுவார்கள். அல்லது தோல் மாதிரியான துணியை இழுத்துப் போர்த்துவார்கள். துணி போர்த்திய பாடி எடை குறைவு, கிறீச் சத்தமும் வராது. முதலாளியின் கால் நீளத்துக்குத் தக்க சீட், தொப்பி இடிக்காத உயரத்தில் கூரை, பின் சீட்டில் என்னென்ன அலமாரி என்று எல்லாம் பேசித் தீர்மானிப்பார்கள். தையல்காரரிடம் நின்று அளவு கொடுப்பது போல. ஒரு பென்ட்லி மாதிரி இன்னொரு பென்ட்லி இருக்காது.

விளம்பரத்துக்கு டபிள்யூ.ஓ. கண்டுபிடித்த வழி ரேஸ். பிரான்ஸில் லெ மான் என்கிற ஊரில் 24 மணி நேரம் விடாமல் ஓட்டுகிற பந்தயம். 1924, 27, 28, 29, 30. ஐந்து முறை பென்ட்லிதான் ஜெயித்தது. ஓட்டியவர்கள் 'பென்ட்லி பாய்ஸ்'. கிருமிகளை ஆராய்கிற டாக்டர் ஒருவர், பத்திரிகையாளர் ஒருவர், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சிலர். 1927-ல் ராத்திரி நேரத்தில் ஒரு வளைவில் பெரிய விபத்து. போன மூன்று பென்ட்லிகளும் ஒன்றன் மேல் ஒன்று மோதின. இரண்டு அவுட். மூன்றாவது வண்டி, கோணிய அச்சோடும் உடைந்த ஹெட்லைட்டோடும் ஊர்ந்து வெளியே வந்தது. அதை விடிய விடிய ஓட்டி ஜெயித்தது அந்த டாக்டரும் பத்திரிகையாளரும்தான்! லண்டன் சவாய் ஹோட்டலில் நடந்த பாராட்டு விருந்துக்கு அந்த நசுங்கிய காரையே உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். விருந்தின் கதாநாயகி அவள்தானே!

புகழ் இருந்தது. பணம்தான் இல்லை. டபிள்யூ.ஓ. நல்ல எஞ்சினீயர். கணக்குப் பிள்ளை அல்ல. 1926-ல் கதவை இழுத்து மூடுகிற நிலை வந்தபோது உள்ளே நுழைந்தவர் ஊல்ஃப் பார்னட்டோ.

இவர் அப்பா பார்னி பார்னட்டோ, தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி வைரத்தில் கோடி கோடியாகச் சேர்த்தவர். 1897-ல் கப்பலில் வரும்போது கடலில் விழுந்து இறந்துபோனார். மகனுக்கு அப்போது ஒரு வயது சொச்சம். வளர்ந்த மகன் குத்துச்சண்டை போட்டார், சர்ரே அணிக்கு விக்கெட் கீப்பராக கிரிக்கெட் ஆடினார், காரும் ஓட்டினார். 1925-ல் ஒரு பென்ட்லி வாங்கினார். பிடித்துவிட்டது. மறுவருஷம் கம்பெனியையே வாங்கிவிட்டார்! நமக்கெல்லாம் ஒரு ஹோட்டலில் தோசை பிடித்துப்போனால் இன்னொரு தோசை சொல்வோம்.

சும்மா முதலாளியும் அல்ல. லெ மானில் 3 முறை கலந்துகொண்டார். 3 முறையும் முதல் பரிசு.

1930 மார்ச்சில், பிரான்ஸின் தென்கோடியில் கேன் நகரத்தில் ஒரு பேச்சு. 'புளூ டிரெய்ன்' என்கிற சொகுசு ரயிலை காரில் போய் ஜெயிப்பது அப்போதைய ஃபேஷன். பார்னட்டோ, இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்டார். ரயில் வடக்கே கலே துறைமுகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், நான் கடலையும் தாண்டி லண்டனில் என் கிளப்பில் இருப்பேன் என்றார். பந்தயம் 100 பவுண்ட்.

13-ம் தேதி சாயங்காலம் ரயில் கிளம்ப, இவரும் கிளம்பினார். ராத்திரி முழுக்க மழை, பனிமூட்டம். டயர் பஞ்சர். இருந்த ஒரே ஸ்டெப்னியும் காலி. காலையில் பூலோனில் கப்பலில் காரை ஏற்றி, இங்கிலாந்தில் இறக்கி, மதியம் 3.20-க்கு கிளப் வாசலில் நிறுத்தினார். நாலு நிமிஷம் கழித்துத்தான் ரயில் கலே போய்ச் சேர்ந்தது. பொதுச் சாலையில் ரேஸ் விட்டதற்கு பிரெஞ்சுக்காரர்கள் போட்ட அபராதம், ஜெயித்த பந்தயப் பணத்தைவிட அதிகம்!

இதில் ஒரு வேடிக்கை. பார்னட்டோவிடம் கர்னி நட்டிங் கட்டிக் கொடுத்த ஒரு கார் உண்டு. தாழ்ந்து சரிந்த கூரை, பார்க்கப் பாயும் புலி மாதிரி. அதுதான் ரயிலை ஜெயித்த கார் என்று வெகுகாலம் உலகமே நம்பியது. டெரன்ஸ் குனியோ என்கிற பெரிய ஓவியர் அதை ரயிலோடு ஓட விட்டு ஓவியமே வரைந்துவிட்டார். பிறகு காகிதங்களைத் தோண்டிப் பார்த்தால், அந்தக் கார் தயாரானது மே மாதம். ரேஸ் நடந்ததோ மார்ச்! உண்மையில் ஓடியது மல்லினர் கட்டிய, பெட்டி போட்ட மாதிரி ஒரு சாதாரண சலூன் கார். புலிக்குக் கிடைத்த மாலை அதற்குக் கிடைக்கவே இல்லை, பாவம்.

அதே 1930 அக்டோபரில் டபிள்யூ.ஓ. தன் கனவை வெளியே விட்டார். 8 லிட்டர் பென்ட்லி. எவ்வளவு கனமான பாடி கட்டினாலும் 100 மைல் வேகம். அதுவும் சத்தமே இல்லாமல். சேஸிஸ் மட்டுமே 1,850 பவுண்ட். ரோல்ஸ் ராய்ஸின் ஃபேன்டம் 2-க்கு நேர் போட்டி. என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே உன்னதம் அதுதான். வந்த நேரம்தான் சரியில்லை. முந்தின வருஷம் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து உலகமே துண்டு போட்டுக்கொண்டு நின்றது. மொத்தம் 100 கார்கள். அதோடு சரி.

1931 ஜூலையில் கடன் தவணை கட்ட வேண்டிய நாள் வந்தது. இந்த முறை பார்னட்டோ பையில் கை விடவில்லை. ஏன் என்று இன்றைக்கும் பென்ட்லி ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். போட்டது போதும் என்று நினைத்திருக்கலாம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் இல்லாவிட்டால் 1926-லேயே கதை முடிந்திருக்கும். ஆனால் ஒன்று. ரோல்ஸ் ராய்ஸ் கட்டுப்பாட்டில் வந்த புது பென்ட்லி கம்பெனியின் இயக்குநர் குழுவில் 1934-ல் ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தவர் பார்னட்டோ.

டபிள்யூ.ஓ.வுக்கு? கம்பெனியின் சொத்துப் பட்டியலில் மேஜை, நாற்காலி, லேத்து எல்லாம் இருக்கும் அல்லவா? அவர் கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தார்கள். அவர் ஓட்டிக்கொண்டிருந்த 8 லிட்டர் காரும் கம்பெனிச் சொத்து. சாவியைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதாயிற்று.

ஹென்றி ராய்ஸை அவர் சந்தித்தபோது நடந்ததாக ஒரு பேச்சு சொல்வார்கள். நீங்கள் எஞ்சினீயர் இல்லை அல்லவா என்கிற தோரணையில் பெரியவர் ஏதோ கேட்டாராம். டபிள்யூ.ஓ. அமைதியாக, நீங்கள் பீட்டர்பரோ ரயில்வே பட்டறையில் பையனாக இருந்தீர்கள், கொஞ்ச வருஷம் கழித்து அதே ரயில்வேயின் டான்காஸ்டர் பட்டறையில் நானும் இருந்தேன் என்றாராம். இரண்டு பேருமே ஒரே கம்பெனியில் எண்ணெய்க் கையோடு வளர்ந்தவர்கள்!

வடிவமைக்கிற வேலையை மட்டும் தரவில்லை. புதிய கார்களை ஓட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லலாம். 1933-ல் ரோல்ஸ் ராய்ஸ் ஒரு காரை வெளியிட்டது. பெயர் பென்ட்லி. அதில் டபிள்யூ.ஓ. போட்ட கோடு ஒன்றுகூட இல்லை. கொடுமை என்னவென்றால், கார் நன்றாக இருந்தது. அதை அவரே மனசாரப் பாராட்டினார்.

ஒப்பந்தம் முடிந்ததும் 1935-ல் லகோண்டா கம்பெனிக்குப் போனார். அங்கே ஒரு வி12 எஞ்சின் செய்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஒரு புது காரை வடிவமைத்தார். 'லகோண்டா பென்ட்லி' என்று பெயர் வைக்க நினைத்தார்கள். செய்தவர் பெயரைத்தானே வைக்கிறோம்?

கூடாது என்று கோர்ட்டுக்குப் போனது ரோல்ஸ் ராய்ஸ். ஜெயித்தும் விட்டது. பென்ட்லி என்கிற பெயரை ஒரு கார் மேல் போடுகிற உரிமை, பென்ட்லிக்கு இல்லை!

1947-ல் லகோண்டாவை டேவிட் பிரவுன் வாங்கினார். டபிள்யூ.ஓ. பொறுப்பில் உருவான ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2-க்குள் போய் உட்கார்ந்து பேர் வாங்கியது. ஆஸ்டன் மார்ட்டினுக்குத்தான்.

அந்தப் பக்கம் பென்ட்லி கார்களும் வந்துகொண்டுதான் இருந்தன. 1950-களின் பாதிக்குப் பிறகு, ரோல்ஸ் ராய்ஸுக்கும் அதற்கும் முன்பக்க ரேடியேட்டர்தான் வித்தியாசம் என்கிற அளவுக்கு. பழைய கார்களை வைத்திருந்தவர்கள் மட்டும் மறக்கவில்லை. 1936-லேயே ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். பத்து வருஷத்தில் செய்த சுமார் 3,000 கார்களில் மிச்சம் இருப்பதைத் தேடித் தேடிப் பழுதுபார்த்தார்கள். டபிள்யூ.ஓ.வைக் கௌரவப் புரவலராக அழைத்து உட்கார வைத்தார்கள். வயசான காலத்தில் அந்த மனிதர் ஓட்டியது ஒரு மாரிஸ் மைனர். நம் ஊரில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்று ஓடியதே, அந்த ஜாதி.

1971 ஆகஸ்டில் டபிள்யூ.ஓ. இறந்தார். அதே வருஷம் பிப்ரவரியில், ஒரு விமான எஞ்சின் செலவை இழுத்துவிட்டுக்கொண்டு ரோல்ஸ் ராய்ஸ் திவாலாகியிருந்தது. பார்த்துவிட்டுத்தான் போனார்.

பிறகு கார் பிரிவு தனியாகப் பிரிந்து, விக்கர்ஸ் கம்பெனி கைக்குப் போய், 1998-ல் ஏலத்துக்கு வந்தது. இரண்டு ஜெர்மன் கம்பெனிகள் மோதின. ஃபோக்ஸ்வேகன் 43 கோடி பவுண்ட் கொடுத்து ஜெயித்தது. க்ரூ நகரத் தொழிற்சாலை, பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸின் மூக்கில் நிற்கிற அந்தப் பறக்கும் பெண் சிலை, எல்லாம் வந்தது. ஒன்றே ஒன்று வரவில்லை. 'ரோல்ஸ் ராய்ஸ்' என்கிற பெயர்! அது விமான எஞ்சின் கம்பெனியிடம் இருந்தது. அதை வெறும் 4 கோடி பவுண்டுக்கு பி.எம்.டபிள்யூ. வாங்கிக்கொண்டு போனது. கடைசியில் சமாதானம் பேசினார்கள். 2003-லிருந்து ரோல்ஸ் ராய்ஸ் பி.எம்.டபிள்யூ.வுக்கு, பென்ட்லி ஃபோக்ஸ்வேகனுக்கு.

அந்த 2003-லேயே, 73 வருஷம் கழித்து, லெ மானில் மறுபடி ஒரு பென்ட்லி ஜெயித்தது. 2006-ல் கம்பெனி ஒரு பழைய காரைத் தேடி வாங்கியது. 1930-ல் செய்த 8 லிட்டர் சலூன். எச்.ஜே.மல்லினர் பாடி. டபிள்யூ.ஓ. சாவியைத் திருப்பிக் கொடுத்தாரே, அதே கார். துடைத்து, பழுதுபார்த்து, மறுபடி சாலையில் ஓட விட்டார்கள்.