அகமதாபாத்தின் போள்களும் அவற்றின் மறுவாழ்வும்

சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் 1411ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷாவால் நிறுவப்பெற்றது அகமதாபாத். அதன் மதில் சூழ்ந்த பழைய நகரம் 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பெற்றது. இந்திய நகரங்களுள் அச்சிறப்பை முதலில் அடைந்தது அதுவே. சுல்தான்கள் எழுப்பிய கல் மசூதிகள் மட்டும் அதற்குக் காரணமல்ல. வணிகரும் கைவினைஞரும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மரவீடுகளும், அவை நெருங்கி நிற்கும் ‘போள்’ என்னும் தெருக்களும் அம்மதிப்பிற்குப் பெரும்பங்கு அளித்தன.

வாயில் எனப் பொருள்படும் ‘பிரதோலி’ என்ற வடசொல்லே போள் எனத் திரிந்தது என்பர். பெயருக்கேற்ப ஒவ்வொரு போளுக்கும் ஒரு பெருவாயில் உண்டு. இரவில் அக்கதவை அடைத்துவிட்டால் உள்ளிருப்போர் ஒரே இல்லத்தார் போல் ஆவர். வீடுகள் ஒன்றோடொன்று பக்கச்சுவரைப் பகிர்ந்து நிற்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதன் அடியில் மழைநீரைச் சேமிக்கும் ‘தாங்கா’ என்னும் நிலத்தடித் தொட்டி. முகப்பில் தேக்கில் செதுக்கிய தூண்களும் தாங்குகட்டைகளும். தெருவின் நடுவே ஓங்கி நிற்கும் ‘சபூத்ரோ’ என்னும் மாடம் பறவைகளுக்குத் தானியம் இடுவதற்கென்றே கட்டப்பெற்றது. மனிதர்க்கே இடம் போதாத நெருக்கத்திலும் பறவைகளுக்கு இடம் ஒதுக்கிய அம்மக்களின் உள்ளம் சமணர்க்கு நன்கு விளங்கும்.

இப்போள்களில் சுவேதாம்பர சமணக் குடும்பங்கள் திரளாக வாழ்ந்தன. அவர்கள் ‘தேராசர்’ என்றழைக்கும் ஜினாலயங்கள் பல, தெருவிலிருந்து நோக்குவார்க்கு மற்றொரு வீடாகவே தோன்றும். சிகரமில்லை, கோபுரமில்லை. உள்ளே நுழைந்த பின்னரே சலவைக்கல் மண்டபமும் தீர்த்தங்கரர் திருவுருவமும் கண்ணுக்குப் புலனாகும். தில்லி வாயிலுக்கு வெளியே, 1848இல் நிறைவுற்ற ஹட்டீசிங் ஆலயமோ பெருங்கோயில். பதினைந்தாம் தீர்த்தங்கரரான தர்மநாதருக்கு அதனை எழுப்பத் தொடங்கியவர் வணிகர் ஹட்டீசிங் கேசரிசிங்; அவர் மறைந்தபின் பணியை முடித்தவர் அவர்தம் துணைவியார் ஹர்குன்வர். அப்பெண்மணியின் பெயரைப் பலர் சொல்லாமல் விடுவது முறையன்று.

அதே குடும்பத்தின் மகன்பாய் ஹட்டீசிங், அமெரிக்கரான லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்பாருடன் சேர்ந்து 1881இல் மரச்செதுக்கு நிறுவனம் ஒன்றை அகமதாபாத்தில் தொடங்கினார். போள் வீடுகளின் முகப்பைச் செதுக்கிய அதே கைத்திறன் அதன்வழிக் கடல் கடந்தது. நியூயார்க்கின் கிழக்குப் பத்தாம் தெருவில் டி ஃபாரஸ்ட் தமக்கென அமைத்த இல்லத்தின் தேக்குச் சாளரம் இன்றும் அங்குள்ளது. அவ்வில்லம் இப்பொழுது ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யூத மாணவர் மையமாகப் பயன்படுகிறது. குஜராத்தின் பாட்டன் நகரச் சமண மண்டபம் ஒன்றன் பதினாறாம் நூற்றாண்டு மரக்குவிமாடமும் மாடங்களும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. அயலூரில் அவை பேணப்பெறுகின்றன என்பது ஆறுதலே. ஆயினும் அங்கே மண்டபம் உண்டு, அதில் கூடும் சங்கம் இல்லை.

போள்கள் நலிந்ததற்குக் காரணம் ஒன்றன்று. 1892இல் இரும்பால் அமைந்த எல்லிஸ் பாலம் மேல்கரைக்கு வழி திறந்தது. மோட்டார் வண்டியும் காற்றோட்டமான தனிவீடும் விரும்பியோர் ஆற்றைக் கடந்தனர். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டத்தால் வாடகை உயராது நின்றது. அச்சிறுதொகை கூரையைச் செப்பனிடவும் போதவில்லை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் இசைந்தால் மற்றவர் இசையார். 1969ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் நிகழ்ந்த கலவரங்கள் எஞ்சியோரையும் அச்சுறுத்தின. எண்பதுகளில் பஞ்சாலைகள் வரிசையாக மூடப்பட்டன. காலியான வீடுகள் கிடங்குகளாயின. சில வீடுகள் கதவு, தூண், தாங்குகட்டை எனக் கழற்றப்பட்டுப் பழம்பொருள் வணிகர் கைக்குப் போயின. முழு வீட்டைக் காட்டிலும் அதன் உறுப்புகளுக்கு விலை மிகுந்த காலம் அது.

1996இல் மாநகராட்சி பாரம்பரியத்திற்கெனத் தனிப்பிரிவு அமைத்தது. மறு ஆண்டு நவம்பரில் பாரம்பரிய நடை தொடங்கிற்று. காலுப்பூர் சுவாமிநாராயணன் கோயிலில் புறப்பட்டுப் போள்களின் ஊடே சென்று ஜாமா மசூதியில் முடியும் அந்நடை, அயலாரைவிட உள்ளூர்வாசிகளுக்கே கண் திறந்தது எனலாம். தம் பாழ்வீட்டைப் பிறர் வியந்து நோக்கக் கண்ட உரிமையாளர், அதனை இடிக்கும் முன் ஒருமுறை சிந்தித்தனர். லம்பேஷ்வர் போளில் கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த வீட்டின் முகப்பு மீண்டும் எழுப்பப்பெற்று நினைவிடமாயிற்று. 2001 ஜனவரி நிலநடுக்கத்தில் நகரின் புதிய அடுக்குமாடிகள் பல சரிந்தன. மரச்சட்டத்தில் நின்ற பழைய வீடுகள் பெரும்பாலும் அசைந்து கொடுத்துத் தாங்கின. பழைமையே பலவீனம் என்றிருந்தவர் வாதம் அன்று தளர்ந்தது.

மறுபயன்பாட்டின் வடிவங்கள் பல. ஆலை அதிபர் மங்கள்தாஸ் கிரிதர்தாஸின் 1924ஆம் ஆண்டு மாளிகை அவர்தம் வழித்தோன்றலால் விடுதியாக்கப்பெற்றது. போள்களின் உள்ளேயும் சில மாளிகைகள் விருந்தினர் தங்கும் இல்லங்களாயின. பாரம்பரிய வீட்டின்மேல் மாடி உயர்த்த இயலாத உரிமையாளர், பயன்படுத்தாத அக்கட்டட உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுவோர்க்கு விற்றுச் செப்பனிடப் பொருள் பெறவும் விதி செய்யப்பெற்றது. இவற்றுள் இவ்விதியே மிக்க பயனுடையதாகத் தோன்றுகிறது. விடுதியாக மாற ஏற்ற மாளிகைகள் சிலவே. எளிய வீடுகளோ ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றைக் காக்க வல்லவர் அவற்றில் குடியிருப்பவரே. விருந்தினர் மட்டுமே வந்து போகும் தெருவில் பிள்ளைகள் விளையாடுவதில்லை. பாலும் காய்கறியும் விற்போர் வருவதில்லை. சபூத்ரோவில் நாள்தோறும் தானியம் இடுவாரும் குறைவர்.

இச்செய்தி தமிழ்ச் சமணர்க்கும் புதிதன்று. வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பகுதிகளின் சிற்றூர்களில் ஜினாலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்த குடும்பங்கள் கல்விக்கும் தொழிலுக்குமாகச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. அங்கு ஊர் பெயர்ந்தது. அகமதாபாத்தில் ஆறு மட்டுமே கடக்கப்பெற்றது. தொலைவு சிறிதாயினும் நாட்பூசைக்கு வரும் சிராவகர் தொகை அங்கும் சுருங்கியே போயிற்று. தேராசரின் கொடி மாற்றும் ஆண்டுவிழா நாளில் மேல்கரைக் குடும்பங்கள் தம் முன்னோரின் போளுக்கு வருகின்றன. பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு முன்னால் அன்று காலணிகள் நிறைந்து கிடக்கும்.