மறுக்க முடியாத கேள்வி: வீடியோ கேம் கதைகளில் போலித் தெரிவின் வரலாறு

1967இல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியின் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் 'கினோஆட்டோமாட்' என்றொரு படம் காட்டப்பட்டது. கதை சிக்கலான இடத்தை எட்டியதும் படம் நிற்கும். ஒருவர் மேடையேறி, நாயகன் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்வையாளர்களைக் கேட்பார். அவர்கள் பச்சை, சிவப்புப் பொத்தான்களை அழுத்தி வாக்களிப்பார்கள். எப்படி வாக்களித்தாலும் கடைசியில் அடுக்குமாடிக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. உருவாக்கிய ராடுஸ் சின்செரா வாக்குரிமையைக் கிண்டல் செய்தார் என்று சொல்வதுண்டு. வீடியோ கேம்களின் 'போலித் தெரிவு' அங்கேயே முழு உருவில் இருக்கிறது. பின்னால் வந்த கேம்கள் முதலில் அதை மறைத்தன, பிறகு அதையே கதைப்பொருளாக்கின.

மறைக்க நேர்ந்ததற்குக் காரணம் வெறும் கணக்கு. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழிகள், பிரிந்தவை மீண்டும் சேராது என்றால், பத்துத் திருப்பங்களுக்கு 1,024 முடிவுகள் எழுத வேண்டும். எட்வர்ட் பேக்கார்டின் 'தி கேவ் ஆஃப் டைம்' (1979) போன்ற நூல்கள் பாதைகளைக் குட்டையாக்கிச் சமாளித்தன. சில பக்கங்களிலேயே முடிவு வந்துவிடும், வாசகர் முதலிலிருந்து தொடங்குவார். பல மணி நேரம் ஓட வேண்டிய கேமுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே கிளைப்பாதை சிறிது தூரம் போய்ப் பெருவழியில் சேர்ந்துவிடும்.

யூஜி ஹோரியின் 'டிராகன் குவெஸ்ட்' (1986) மொத்தமும் 64 கிலோபைட்டில் அடங்கியது. அதில் மீட்கப்பட்ட இளவரசி, தன்னை நேசிக்கிறாயா என்று நாயகனைக் கேட்கிறாள். 'இல்லை' என்றால் வருந்திவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பாள். 'ஆம்' வரும்வரை விடமாட்டாள். அதே கேமின் இறுதியில் வில்லன் பாதி உலகைத் தருவதாக ஆசை காட்டுகிறான். அதற்கு 'ஆம்' என்றால் ஆட்டம் அத்தோடு சரி. முதல் கேள்வி வெறும் உபசாரம், இரண்டாவது உயிர்போகும் விஷயம். எது எந்த வகை என்று திரை காட்டிக்கொடுக்காது. ஹோரி திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, விளைவு கூர்மையானது.

இந்த உத்தியை வெளிச்சத்துக்கு இழுத்துவந்தது கென் லெவினின் 'பயோஷாக்' (2007). கதை நடப்பது 1960இல். அட்லாண்டிக்கில் விமானம் விழுந்து, ஜாக் என்பவன் ரேப்ச்சர் என்னும் கடலடி நகருக்கு வந்து சேர்கிறான். அரசும் மதமும் தனிமனிதனைத் தொடக்கூடாது என்ற கொள்கையோடு ஆண்ட்ரூ ரயன் கட்டிய நகரம், இப்போது இடிபாடு. அட்லஸ் என்பவரின் குரல் வானொலியில் வழிகாட்டுகிறது: அங்கே போ, இதை எடு, அவனைக் கொல். அடிக்கடி அந்தக் கட்டளைகளோடு பணிவான ஒரு வேண்டுகோள் ஒட்டிவருகிறது. அந்தச் சொற்களைக் கேட்டால் மறுக்க முடியாதபடி ஜாக்கின் மனம் குழந்தைப் பருவத்திலேயே பழக்கப்பட்டிருக்கிறது என்பது பாதிக்கு மேல்தான் தெரியவருகிறது. ரயன் தன் கோல்ஃப் மட்டையை அவன் கையில் கொடுத்துத் தன்னைக் கொல்லும்படி ஆணையிடுகிறார். அந்தக் காட்சியில் ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. கை தானாக ஓங்குகிறது. அதுவரை அவர் கீழ்ப்படிந்ததும் வேறு வழி இல்லாததால்தான். எல்லா கேம்களிலும் இயல்பாக நடக்கும் ஒன்று இங்கே குற்றச்சாட்டாக மாறுகிறது. தனிமனித சுதந்திரத்தின் பெயரால் எழுந்த நகரில் நாயகனே அடிமை என்பதில் அரசியலும் இருக்கிறது.

வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் அதே ஆண்டில் இந்த கேமில் ஒரு விரிசலைச் சுட்டினார். நகரில் எதிர்ப்படும் சிறுமிகளைக் காப்பதா, அவர்களின் சக்தியை உறிஞ்சிப் பலம் பெறுவதா என்பதை ஆட்டம் நம்மிடம் விடுகிறது; அட்லஸுக்கு உதவுவதா என்பதைக் கதை விடுவதில்லை. நியாயமான விமர்சனம். எனக்குப் படும் குறை இன்னும் பெரியது: உண்மை வெளிப்பட்ட பிறகும் வேறொரு குரல் உத்தரவிடுகிறது, நாம் பழையபடியே நடக்கிறோம். தான் கண்டுபிடித்ததை அந்த கேமே தாங்கவில்லை.

டெல்டேலின் 'தி வாக்கிங் டெட்' (2012) வேறு திசையில் போனது. முதல் அத்தியாயத்தில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்றலாம். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் அத்தியாயத்தில் அவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். பெருவழியில் சேர்க்கும் பழைய தந்திரம்தான். ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும், எத்தனை சதவீதம் பேர் அதே முடிவை எடுத்தார்கள் என்று திரையில் வருகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதைவிட, நீ யார் என்பதே அதன் கேள்வி.

அதே ஆண்டு வந்த 'மாஸ் எஃபெக்ட் 3', முந்தைய இரு பாகங்களின் தெரிவுகளையும் சேமிப்புக் கோப்பு வழியே ஏற்றுக்கொண்டு, இறுதியில் ஏறக்குறைய ஒரேமாதிரியான மூன்று முடிவுகளை நீட்டியது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஜூனில் இலவசமாக வந்த விரிவாக்கத்தில், மூன்றையும் நிராகரிக்கும் வழி சேர்க்கப்பட்டது, நிராகரித்தால் தோல்வி. அந்தக் கோபம் நியாயமானது. கூடுதல் விளக்கக் காட்சிகள் அதற்குச் சரியான மருந்தல்ல என்பேன். டேவி ரெடனின் 'தி ஸ்டான்லி பேரபிள்' (2013) போலித் தெரிவையே முழு நையாண்டியாக்கியது. கதைசொல்லியின் குரலுக்குக் கட்டுப்பட்டு நடந்தால் 'விடுதலை' முடிவு கிடைக்கும்; நாயகன் ஸ்டான்லி விடுதலை பெறும் அந்தக் காட்சியில் கட்டுப்பாடு நம் கையில் இருக்காது.

டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' (2015) சிக்கனமான வழியைக் கண்டது. டோரியல் என்னும் பாத்திரத்தைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேமிப்புக்குத் திரும்பி அவளைக் காப்பாற்றினாலும், ஃபிளவி என்னும் பூ முதலில் நடந்ததைச் சொல்லிக் குத்திக்காட்டுகிறது. பத்துத் தெரிவுகளுக்கு 1,024 கதைகள் எழுதக் காசு வேண்டும். அந்தப் பத்தையும் நினைவில் வைக்கப் பத்து பிட் போதும். ஒரு கேமில் எத்தனை முடிவுகள் என்று எண்ணி மதிப்பெண் போடும் விமர்சகர்கள், அது எதையெல்லாம் மறக்கவில்லை என்று இனிப் பார்க்கட்டும்.