ரூத்தின் புத்தகத்தோடு நின்ற எழுதுகோல்



உங்கள் வேதாகமத்தில் ரூத்தின் புத்தகத்தினுடைய கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறு புத்தகம் அது. அடுத்த பக்கத்தில் சாமுவேலின் முதலாம் புத்தகம் தொடங்குகிறது. நாம் ஒரு நொடியில் கடந்துவிடும் அந்த இடத்தில், ஒரு தேவமனிதருடைய எழுதுகோல் நின்றுபோயிற்று.

அவர் பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயர். 1682-ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனி நாட்டைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். திடமான சரீரம் வாய்க்காதவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கினால் அனுப்பப்பட்டு, புளூட்சோ என்னும் உடன் ஊழியரோடு 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் நடுவே தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி நம் மொழியின் எழுத்துகளைக் கற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1708-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார்.

தொடங்கிய சில வாரங்களிலேயே தடை எழும்பிற்று. அக்கோட்டையின் தளபதி அவரைச் சிறைப்பிடித்து, ஏறக்குறைய நான்கு மாதங்கள் அடைத்துவைத்தார். விடுதலையான பின்பு அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்து, 1711-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். அதை அச்சிடுவதற்கென்று இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறி வழியில் பிரெஞ்சுக்காரரின் கையில் சிக்கி மீண்டது. அதனோடு புறப்பட்ட அச்சர் கரை சேருமுன்னே மரித்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தபோது, அவை அளவில் பெரியவையாயிருந்து கையிலிருந்த காகிதத்தை விழுங்கின. ஆகையால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சாயின. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் நிறைவுற்றது. இந்திய மொழிகளில் முதன்முதல் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே.

பின்பு பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கும் வேலை தொடர்ந்தது. ஆதியாகமம் முதலாக ஒவ்வொரு புத்தகமாய்க் கடந்து ரூத்தை முடித்தார். 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் கர்த்தர் அவரைத் தம்மிடத்தில் அழைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 36. சங்கீதங்கள் இல்லை, ஏசாயா இல்லை, தீர்க்கதரிசிகளில் ஒருவரும் இல்லை. அவர் கண்ட தமிழ் வேதாகமம் ரூத்தோடு நின்றது.

பிரியமானவர்களே, இதை வாசிக்கும்போது நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும்பாமல் இராது. தேவனுடைய வேலைக்கென்றே கடல் கடந்து வந்தவருக்கு, அதை முடிக்கும் நாட்களைத் தேவன் ஏன் கொடுக்கவில்லை? இக்கேள்விக்கு நேரடியான விடையை வேதம் நமக்குத் தருகிறதில்லை. ஆயினும், அவர் கடைசியாகத் தமிழாக்கிய அந்தச் சிறு புத்தகத்தின் முடிவை நோக்கிப் பாருங்கள். அது ஒரு வம்ச அட்டவணையோடு முடிகிறது. ரூத் ஓபேதைப் பெற்றாள். ஓபேதுக்கு ஈசாய் பிறந்தான். ஈசாய்க்குத் தாவீது பிறந்தான். பெத்லெகேமின் வயல்களில் சிந்திய கதிர்களைப் பொறுக்கிய அந்த மோவாபியப் பெண், அந்த நாட்களில் தன் சந்ததியிலே ஒரு ராஜா எழும்புவான் என்று அறிந்திருக்கவில்லை. மாமியாருக்கு அன்றன்று ஆகாரம் தேடுவதே அவள் முன்பாக இருந்த கடமை. அதை உண்மையாய்ச் செய்தாள். மீதியைத் தேவன் நடத்தினார்.

அந்தத் தாவீதும் ஒரு வேலையை முடிக்காமல் போனவனே. ஆலயத்தைக் கட்ட வேண்டும் என்பது அவன் இருதயத்தின் வாஞ்சை. அது அவனுக்கு அருளப்படவில்லை. அதற்காக அவன் சோர்ந்து உட்காரவில்லை. பொன்னையும் வெள்ளியையும் இரும்பையும் கேதுரு மரங்களையும் சேர்த்துவைத்தான். மாதிரியைச் சாலொமோனின் கையில் ஒப்புவித்தான் என்று முதலாம் நாளாகமம் 22, 28 ஆகிய அதிகாரங்களில் வாசிக்கிறோம்.

சீகன்பால்க் ஐயரும் அவ்வாறே சேர்த்துவைத்துப் போனார். அச்சுக்கூடம், வார்த்த எழுத்துகள், பள்ளிக்கூடங்கள், 1716-இல் ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கண நூல் ஆகியவற்றை விட்டுச்சென்றார். அவர் மரித்த அதே ஆண்டில் பெஞ்சமின் சூல்ட்சே வந்து, நின்ற வேலையை ஏற்று, அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் பழைய ஏற்பாட்டை நிறைவாக்கினார். 1740-இல் வந்த பப்ரிசியஸ் ஐயர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அம்மொழிபெயர்ப்பைச் செம்மையாக்குவதில் செலவழித்தார். அவருக்குப் பின்பும் வேறு கைகள் உழைத்தன. 1871-இல் ஹென்றி போவர் ஐயர் தலைமையில் வெளியான திருத்தம், நம் ஆலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பாய் நிலைத்தது. ஒருவர் நட, மற்றொருவர் நீர்ப்பாய்ச்ச, விளையச் செய்தவர் தேவனே என்று கொரிந்தியருக்குப் பவுல் போதித்த சத்தியம் தமிழ் மண்ணில் இவ்வாறு நிறைவேறிற்று.

உங்கள் வாழ்விலும் ரூத்தோடு நின்றுபோன ஒரு வேலை இருக்கலாம். பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கப் பாடுபட்டும், அவன் திரும்பி வருவதை இன்னும் காணாத தாய் உங்களில் இருக்கலாம். உறவினரோடு ஒப்புரவாக முயன்றும், பாதி வழியில் நிற்கிறவர் இருக்கலாம். நோயினாலும் முதுமையினாலும் ஓய்வுநாள் பள்ளியின் வகுப்பை விட்டுவிட நேர்ந்தவர் இருக்கலாம். முடிவைக் காணவில்லை என்பதினால் உங்கள் பிரயாசம் வீணாகிவிடாது. இரண்டு காரியங்களை மாத்திரம் கவனியுங்கள். இன்று உங்களுக்குக் குறிக்கப்பட்ட பகுதியை நாளைக்கு ஒத்திவைக்காதிருங்கள். உங்களுக்குப் பின் வருகிறவர் எடுத்துத் தொடரும்படியாக அதை ஒழுங்காய் வைத்துச் செல்லுங்கள்.

வேறு சிலருக்கோ, மற்றொருவர் பாதியில் விட்ட வேலை கையில் வந்திருக்கிறது. அது உங்கள் பெயரால் தொடங்கவில்லையே என்று அதை அற்பமாய் எண்ணாதேயுங்கள். முன்னே உழைத்தவரை நன்றியோடு நினைத்து, சாமுவேலின் முதலாம் வசனத்தை எழுதத் தொடங்குங்கள்.

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் ரூத்தின் நான்காம் அதிகாரத்தை வாசித்து, அடுத்த பக்கத்தையும் திருப்புங்கள். அப்பக்கம் நம் கையில் இருக்கும்படி உழைத்த ஒவ்வொருவருக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிப்போமாக. தொடங்கினவரும் முடிக்கிறவருமாகிய இயேசு கிறிஸ்துவின் கிருபை உங்கள் யாவரோடும் இருப்பதாக. ஆமென்.