எழுந்து நின்ற நீதிபதி

1692. அமெரிக்காவில் சேலம் என்கிற ஊர். 'சூனியக்காரர்கள்' என்று 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். பதில் சொல்ல மறுத்த சுமார் 80 வயதுக் கிழவரைக் கல்லேற்றி நசுக்கியே கொன்றார்கள்! அந்த நீதிபதிகளில் ஒருவர் சாமுவேல் சீவால். பக்திமான்தான்!

1696 டிசம்பரில் சீவாலின் இரண்டு வயது மகள் இறந்தாள். மறுநாள் மகன் சாம், மத்தேயு 12-ம் அதிகாரத்தை லத்தீனில் வாசித்தான். இரக்கத்தை மறந்து குற்றமற்றவர்களைக் குற்றவாளியாக்குவது பற்றி இயேசு பேசுகிற இடம். சீவாலுக்குத் திக்கென்றது. சேலம் ஞாபகம்!

1697 ஜனவரி 14. பாஸ்டன் தேவாலயம். போதகரிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார் சீவால். அந்த வழக்கின் பழியும் வெட்கமும் தன்னையே சேரட்டும் என்று எழுதியிருந்தார். ஊரே பார்க்க, போதகர் படித்து முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

தலைமை நீதிபதி ஸ்டௌட்டன்? ஊஹூம்... 1701-ல் சாகும்வரை மனுஷன் மன்னிப்பே கேட்கலை!