கடல் போன நாளில் ஏடுகள்

1974 ஜூனில் கச்சத்தீவு கைமாறியபோது தமிழகச் சட்டமன்றம் ஆகஸ்டில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஏடுகளும் எழுதின. 1976 மார்ச் 23 அப்படியல்ல. நெருக்கடிநிலை, அச்சுக்கு முன் தணிக்கை. முறையிடலாமென்றால் சட்டமன்றமே இல்லை, ஜனவரி 31இல் கலைத்துவிட்டார்கள். அன்று வெளியுறவுச் செயலர்கள் கேவல் சிங்கும் ஜெயசிங்கவும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் அடுத்த நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றன. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வலை இழுத்தவர்கள் பேசியிருந்தாலும் அச்சேறியிருக்குமா?

தணிக்கை என்றதும் ஆசிரியர்கள் வெறுமையாக விட்ட பத்திகளையே நாம் நினைக்கிறோம். 1957இல் முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்தபோது தணிக்கை அதிகாரி யாருமில்லை. அப்போதும் சேரியின் வாயால் வந்த செய்தி எத்தனை?

1977 மார்ச்சில் நெருக்கடிநிலை போயிற்று. அந்தக் கடிதங்கள் இன்றும் நடப்பில் இருக்கின்றன.