சிப்பாயின் இதயம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) நடந்துகொண்டிருந்த சமயம். பிலடெல்பியா நகரின் டர்னர்ஸ் லேன் ராணுவ மருத்துவமனைக்கு விசித்திரமான நோயாளிகள் வந்துகொண்டிருந்தார்கள். உடம்பில் குண்டுக்காயம் இல்லை. ஆனால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, மார்பில் வலி, கொஞ்ச தூரம் நடந்தாலே களைப்பு. படுத்தால் நாடித்துடிப்பு இறங்குகிறது; எழுந்து நின்றால் எகிறுகிறது!

ஜேக்கப் மென்டிஸ் டகோஸ்டா என்ற மருத்துவர் இப்படி 300 பேருக்கும் மேல் கவனித்து 1871-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடுமையான அணிநடை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் இதயம் தளர்ந்துவிட்டது என்பது அவர் முடிவு. சிகிச்சை, ஓய்வும் டிஜிட்டாலிஸ் மருந்தும். பிரிட்டனிலோ ராணுவ மருத்துவர் ஆர்தர் மையர்ஸ் 1870-லேயே பழியை இறுக்கமான சீருடை மீதும் மார்பை அழுத்தும் வார்கள் மீதும் போட்டிருந்தார். இன்று சிரிப்பு வரலாம். ஆனாலும் இவர்கள் யாரும் சிப்பாயைப் பொய்யன் என்று சொல்லவில்லையே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

பயம் என்ற சொல் மட்டும் எங்கோ ஒளிந்திருந்தது. அதற்கும் காரணம் உண்டு. ராணுவத்தில் இதய நோய் என்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். பயம் என்றால் கோழை. முதல் உலகப் போரில் படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு கிடைத்தது.

அந்தப் போரிலும் படபடக்கும் நெஞ்சோடு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் அவர்களைச் சோதித்த தாமஸ் லூயிஸ், பெரும்பாலோருக்கு இதயத்தில் பழுதே இல்லை என்று கண்டார். படுக்கையில் வைப்பதற்குப் பதிலாக, படிப்படியாக உடற்பயிற்சி கொடுத்தார். பலர் மீண்டும் பணிக்குத் திரும்பினார்கள்.

பயிற்சி ஏன் பலித்தது? பயந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு வேகமாகும். மூச்சு அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல்கள் மரத்துப்போகும். உடனே "ஐயோ, இதயம் நிற்கப்போகிறது" என்று மனம் பதறும். அந்தப் பதற்றம் துடிப்பை இன்னும் கூட்டும். செக்குமாடு மாதிரி ஒரே சுற்று! இதில் மருத்துவரே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு "இதயம் பலவீனம், அசையாமல் படு" என்றால்? அந்தப் பயத்துக்கு அவரே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரிதான். ஓடிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பே காட்டும்போதுதான் மனம் நம்பத் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941-ல், இதய மருத்துவர் பால் வுட் வெளிப்படையாகவே சொன்னார்: இது இதயக் கோளாறு அல்ல, பயத்தின் வேலை. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், பேரச்சத் தாக்குக் கோளாறும் போர் போன்ற அதிர்ச்சிகளுக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறும் தனித்தனி நோய்களாக இடம்பெற்றன.

அத்துடன் கதை முடியவில்லை. எழுந்து நின்றவுடன் நாடித்துடிப்பு மிகையாக எகிறும் நோய் ஒன்றை மருத்துவர்கள் 1993-ல் முறையாக வரையறுத்தார்கள். தன்னியக்க நரம்புகள் தடுமாறுவதால் வருவது அது. பலருக்கும் வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குகிறது. காய்ச்சல்தான் காரணம் என்று டகோஸ்டா எழுதிய சிப்பாய்களில் சிலருக்கு இருந்தது இதுவாகவும் இருக்கலாம் என்கிறார்கள்.